ஆற்றிலே சாம்பல், தெருவிலே கருங்கல்!



எண்ணூர்க் கழிமுகத்தைக் கண்டிருக்கிறீர்களா? கண்டிராவிடில் காட்டுக்குப்பம் வரை ஒருமுறை சென்று வாருங்கள். இறாலும் நண்டும் வாரி வழங்கிய கொசஸ்தலையாற்றிலே துடுப்பை ஊன்றினால் சாம்பற்சேறு ஏறி வருகிறது! வடசென்னை அனல்மின் நிலையத்திலிருந்து செப்பாக்கம் சாம்பற் குளத்துக்கு நீரில் கரைத்து அனுப்பப்பட்ட சாம்பல், குழாய்கள் உடைந்தும் கசிந்தும் ஆற்றிலே படிந்த கதை அது. 2022ஆம் ஆண்டில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயமே மின் கழகத்தைப் பொறுப்பாளியாக்கிற்று. ஆற்றின் ஆழம் மீண்டதா? மீனவரைக் கேளுங்கள், அவர் விடை சொல்லுவார்.

நம் நாட்டு நிலக்கரியில் நூற்றுக்கு 30 முதல் 45 பங்கு சாம்பலே. நூறு வண்டிக் கரி எரிந்தால் முப்பது வண்டிக்குக் குறையாமல் சாம்பல் மிஞ்சும். அதை என் செய்வது?

வழி தெரியாமலா திகைக்கின்றனர்? இல்லை! அனல்மின் நிலையத்தைச் சுற்றி 50 கிலோமீட்டருக்குள் உள்ள சூளைகள் தம் செங்கல்லில் 25 விழுக்காடேனும் சாம்பல் கலக்க வேண்டுமென 1999ஆம் ஆண்டிலேயே மத்திய அரசு ஆணையிட்டது. 2021 டிசம்பர் 31ஆம் நாள் வந்த ஆணையோ சாம்பல் முழுவதையும் பயன்படுத்தியாக வேண்டும் என்கிறது. தவறினால் டன் ஒன்றுக்கு 1,000 ரூபாய் தண்டம் என்கிறது. எண்ணூருக்கும் இராயபுரத்துக்கும் இடையே இருபது கிலோமீட்டர்கூட இல்லை. ஆயினும் நம் தெருக்களில் பதிக்கப்படும் பேவர் பிளாக் கற்களுக்காக எங்கோ ஒரு குன்று வெடிவைத்துத் தகர்க்கப்படுகிறது. ஜல்லி லாரியேறி வருகிறது. சாம்பலோ ஆற்றோரத்திலேயே கிடக்கிறது!

“கழிவிலே செய்த கல் உறுதியாய் இராதே” என்று கவலைப்படுகின்றனர் சில ஒப்பந்தக்காரர்கள். அடடா, மக்கள்பால் என்னே அவர்தம் பரிவு! அமெரிக்காவில் 1953ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்ட ஹங்ரி ஹார்ஸ் அணையின் கான்கிரீட்டில் கலந்திருப்பது நிலக்கரிச் சாம்பல். மாபெரும் நீர்த்தேக்கத்தைத் தாங்கும் சாம்பல், திருவொற்றியூரில் நடந்துபோகும் நம் காலைத் தாங்காதா? போரில் தகர்ந்த ஜெர்மானிய நகரங்களில், 1945க்குப் பின் இடிபாட்டையே நொறுக்கி வீடு கட்டினர். இங்கே இந்தியத் தர நிர்ணயமும், 2016 முதல், கம்பியில்லாத கான்கிரீட்டின் ஜல்லியில் நான்கில் ஒரு பங்கு வரை நொறுக்கிய பழங்கான்கிரீட்டாக இருக்கலாம் என்று ஒப்புகிறது. பேவர் பிளாக்கில் கம்பி ஏது?

ஆனால் ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். புகைபோக்கிக்குப் போகுமுன் பிடிக்கப்படும் உலர்ந்த நுண்சாம்பல் வேறு. ஆற்றில் உப்போடும் சேற்றோடும் ஊறிய பழஞ்சாம்பல் வேறு. முன்னது சிமெண்டில் ஒரு பங்குக்கு ஈடாய் நிற்கும். பின்னதை அள்ளி அப்படியே அச்சில் கொட்ட இயலாது. கன உலோகங்கள் உண்டா எனச் சோதித்த பின்னரே தொட வேண்டும். சாம்பல் கலந்த கல் மெதுவாகவே வலுப்பெறும். பல நாள் நீர் விட வேண்டும். பழங்கான்கிரீட் ஜல்லி நீரை மிகுதியாய் உறிஞ்சும். முன்னரே நனைக்க வேண்டும். இவற்றை எந்தக் கொத்தனாரும் ஒரே நாளில் கற்றுக்கொள்வார். பொறுமை இல்லாதவர் ஒப்பந்தக்காரரே. பில் தொகைக்கு அவருக்கு அவசரம்!

இனி, சூழ்ச்சியைக் கவனியுங்கள். சட்டத்திலே ‘பயன்பாடு’ என்றொரு சொல் இருக்கிறது. சாம்பலைக் கல்லாக்கினாலும் பயன்பாடு. நிபந்தனைகள் சிலவற்றை ஏட்டில் எழுதிவிட்டுத் தாழ்நிலத்தில் கொட்டினாலும் பயன்பாடு! எண்ணூர்ப் பக்கத்திலே தாழ்நிலம் எது? வெள்ளம் வடியும் சதுப்பும், பழைய உப்பளமுந்தானே? அதை மேடாக்கிவிட்டு ‘நூற்றுக்கு நூறு பயன்பாடு’ என்று கணக்குக் காட்டினால், நம் வீட்டுக்குள் வெள்ளம் வரும்போது அந்தக் கணக்கேட்டையா விரித்து அணை போடுவது?

ஆகவே, ‘கழிவைப் பயன்படுத்து’ என்று கூவுவதோடு நம் வேலை முடியாது. எந்தச் சாம்பல், எவ்வளவு, எந்தக் கல்லில் என்று கேட்க வேண்டும். ஆற்றை அள்ளித் தூய்மை செய்யும் செலவு கொட்டியவர் தலையில் விழ வேண்டும். வரி கட்டும் மீனவர் தலையில் அன்று. கல் அச்சிடும் பட்டறைகள் கத்திவாக்கத்திலும் திருவொற்றியூரிலும் கூட்டுறவாய் எழ வேண்டும்; படகை இழந்தவர்க்கு அங்கே முதல் உரிமை வேண்டும். அவர்களை மூக்கிலே துணியைக் கட்டிக்கொண்டு சாம்பலில் புதைய விடுவதா? தூசியை உறிஞ்சும் பொறியும், முறையான முகக்கவசமும், நுரையீரல் பரிசோதனையும் கூலியோடு சேர்ந்த உரிமைகள். இல்லையெனில் ஆற்றிலிருந்த சாம்பலைத் தொழிலாளியின் நெஞ்சுக்கு மாற்றியதாகவே முடியும்.

கொடுங்கையூரில் கட்டட இடிபாடுகளை நொறுக்கும் ஆலையை மாநகராட்சி அமைத்திருக்கிறது. அங்கிருந்து வரும் ஜல்லி நம் வட்டத்துத் தெருவுக்கு எத்தனை லாரி வந்தது? உங்கள் மாமன்ற உறுப்பினர் நம்மவராயினும் சரி, மாற்றாராயினும் சரி, நேரே சென்று கேளுங்கள். நம்மவராயின் இரு மடங்கு உரக்கக் கேளுங்கள். நடைபாதை ஒப்பந்தப் படிவத்தைக் காட்டச் சொல்லுங்கள். அதிலே சாம்பல் என்ற சொல்லும் இடிபாட்டு ஜல்லி என்ற சொல்லும் இல்லையெனில், அடுத்த வட்டக் கூட்டத்தின் முதல் தீர்மானம் அதுவாகட்டும்!