எந்தக் கிளை?

என் கல்யாணம் நின்று போனதற்குக் காரணம் நான் பேங்க் உத்தியோகத்தில் இருப்பதுதான். சம்பளம் போதாது என்று யாரும் சொல்லவில்லை. ஒரே வார்த்தைக்கு இரண்டு அர்த்தம் வைத்த புண்ணியவான் செய்த வேலை அது.

"பொண்ணு என்ன கிளைன்னு விசாரிச்சியாய்யா?" என்று அம்மா ஊரிலிருந்து போனில் கேட்டாள்.

"அதெல்லாம் தெரியும்மா. அவ வேற கிளை, நான் வேற கிளை" என்றேன்.

அவள் அண்ணா நகர் கிளை. நான் மாம்பலம் கிளை. ஒரே பேங்க். நீங்களே சொல்லுங்கள், இதில் பொய் எங்கே இருக்கிறது? "அப்பம் சரி" என்று அம்மா சந்தோஷமாகப் போனை வைத்தாள். ஜாதகத்தில் பத்துக்கு எட்டுப் பொருத்தம். மீதி இரண்டை நாங்கள் மெரினாவில் சரிசெய்து கொண்டிருந்தோம்.

எனக்கு ஊர் கரிவலம்வந்தநல்லூர். சங்கரன்கோவிலில் ராஜபாளையம் பஸ் ஏறினால் நடுவில் வரும். கரி என்றால் யானை. யானை வலம் வந்து சிவனைக் கும்பிட்ட ஊர். சென்னையில் எந்த ஃபாரத்தை எடுத்தாலும் இந்தப் பெயர் கட்டத்தைத் தாண்டி அடுத்த கட்டத்தை வலம் வந்துவிடும். 2019-ல் தென்காசி மாவட்டத்தில் சேர்த்துவிட்டார்கள். அம்மா இன்னும் திருநெல்வேலி ஜில்லாவிலேதான் இருக்கிறாள்.

பெண் வீடு சங்கரன்கோவில். ஒரு ஞாயிற்றுக்கிழமை போனோம். கேசரி வந்தது. காபி வந்தது. அவள் அம்மாவை "வாங்கத்தை" என்று கும்பிட்டாள். கடைசியாக அவளுடைய தாத்தா மீசையோடு வந்து உட்கார்ந்தார்.

"தம்பி எந்தக் கிளை?"

"மாம்பலம் தாத்தா. பாண்டி பஜார் பக்கம்."

சபை கொஞ்ச நேரம் பேசவில்லை. அம்மா தலையில் அடித்துக்கொண்டு, "அவன் கெடக்கான். நாங்க அகத்தியர் கிளை" என்றாள். உள்ளே பாத்திரம் விழுகிற சத்தம் கேட்டது. அவளுடைய அம்மா எட்டிப் பார்த்து, "நானும் அகத்தியர் கிளைதான மைனி..." என்று ஆரம்பித்து, "மைனி"யைப் பாதியில் முழுங்கி "அக்கா" என்று முடித்தாள். அந்த ஒரு வார்த்தையில் என் கல்யாணம் முடிந்துவிட்டது.

விஷயம் இதுதான். எங்கள் கொண்டையங்கோட்டை மறவர்களில் கொத்து, கிளை என்று ஒரு கணக்கு உண்டு. மிளகு, வெற்றிலை, தென்னை, கமுகு, ஈச்சை, பனை என்று ஆறு கொத்து. பலசரக்குக் கடை லிஸ்ட் இல்லை, நாங்கள்தான். கொத்துக்கு மூன்று கிளை. மொத்தம் 18. வீரமுடிதாங்கினார் என்று ஒரு கிளை, சங்கரன் என்று ஒரு கிளை, வெற்றிலைக் கொத்தில் அகத்தியர் கிளை. 1909-ல் எட்கர் தர்ஸ்டன் என்ற வெள்ளைக்காரர் தென்னிந்திய சாதிகளைப் பற்றி ஏழு வால்யூம் போட்டாரே, அதில் இதெல்லாம் ஏறியிருக்கிறது. என்னைத் தவிர எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது.

இதில் ஒரு வேடிக்கை. அரிவாளும் மீசையுமாக சினிமாவில் காட்டுகிற இந்தக் கூட்டத்தில் கிளை வருவது அம்மா வழியில். என் கிளை அப்பாவுடையது இல்லை, அம்மாவுடையது. நாளைக்கு என் பிள்ளைக்கு என் கிளை கிடையாது, என் பெண்டாட்டி கிளை. அப்பா வழியில் வருவது சாஸ்தா. பங்குனி உத்திரத்துக்கு எந்த சாஸ்தா கோயிலுக்குப் போக வேண்டும் என்று அப்பா சொல்ல வேண்டும். யாரைக் கட்டக்கூடாது என்று அம்மா சொல்ல வேண்டும். ஒரே கிளை என்றால் அண்ணன் தங்கை. முகமே பார்த்திராத அண்ணன் தங்கை.

இது நம் ஊர்ப் பைத்தியம் மட்டும் இல்லை. கென்யாவின் மேற்கே லூயா என்று ஒரு ஜனம். புகுசு, மரகோலி, திரிகி என்று அவர்களிலும் 18 பிரிவு என்பது வழக்கமான கணக்கு. ஒவ்வொன்றுக்குள்ளும் ஏகப்பட்ட குலங்கள். அங்கே குலம் அப்பா வழி. சொந்தக் குலத்தில் பெண் எடுக்க மாட்டார்கள். அங்கேயும் ஒரு பேங்க் குமாஸ்தா என்னைப் போல முழித்துக்கொண்டு நின்றிருப்பான்.

சென்னைக்குத் திரும்பியதும் சட்டத்தைப் புரட்டினேன். 1955 இந்து திருமணச் சட்டப்படி அம்மா வழியில் மூன்று தலைமுறை, அப்பா வழியில் ஐந்து தலைமுறை விலகியிருந்தால் போதும். கிளை என்ற பேச்சே அதில் இல்லை. நாங்கள் முப்பது தலைமுறைக்கு முன்னால்கூட ஒரே வீட்டில் சாப்பிட்டதாகத் தகவல் கிடையாது.

"ரெஜிஸ்டர் ஆபீஸ் போயிடலாமா?" என்று கேட்டேன்.

அவள் ரொம்ப நேரம் கடலைப் பார்த்தாள். "உங்கம்மாவை இனிமே அத்தைன்னு கூப்பிட எனக்கு வாய் வருமான்னு தெரியலை" என்றாள்.

நான் இன்னொரு தடவை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. சாதிக்கு வெளியே காதலித்து அரிவாளுக்கு முன்னால் நிற்கிறவர்கள் இருக்கிற ஊர் இது. நான் ஒரு வார்த்தைக்கு முன்னாலேயே உட்கார்ந்துவிட்டேன். அதற்குக் கிளையைக் குற்றம் சொல்லிப் பிரயோஜனம் இல்லை.

அம்மா விஷயம் வேறு. அவளுக்கு நாங்கள் மூன்று பையன்கள். ஊரெல்லாம் "மூணும் ஆம்பளைப் புள்ளை" என்று திருஷ்டி கழித்தபோது, "என் கிளை என்னோட முடிஞ்சிது" என்று அம்மா முணுமுணுத்தது இப்போதுதான் எனக்குப் புரிகிறது. எங்கள் ஊர்க் கோயிலில் ஒரு கதை உண்டு. பதினாறாம் நூற்றாண்டில் வரதுங்கராம பாண்டியன் என்று ஒரு ராஜா. பிள்ளை இல்லை. பால்வண்ணநாதர் சாமியே மகனாக நின்று அவருக்குக் கருமாதி செய்தாராம். ஆண் வாரிசு இல்லாத ராஜாவுக்குச் சாமி வந்துவிட்டது. பெண் வாரிசு இல்லாத எங்கள் அம்மாவுக்கு யார் வருவார்?

ஆடித்தபசுக்கு ஊருக்குப் போனேன். திண்ணையில் அவள் உட்கார்ந்து அம்மாவுக்குப் பூ கட்டிக்கொண்டிருந்தாள். லீவு போட்டு வந்திருக்கிறாள்.

"பெரியம்மா, அண்ணன் வந்தாச்சு" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள்.

'அண்ணன்' என்றபோது பூவை மட்டும் பார்த்தாள். அம்மா வெளியே வந்தாள். அவள் முகத்தில் இவ்வளவு வெளிச்சத்தை நான் பார்த்ததே இல்லை. நான் பாஸ் பண்ணியபோதுகூட. கோபப்படலாம் என்றுதான் வந்தேன். முடியவில்லை. பையைத் திண்ணையில் வைத்துவிட்டு ஒரு செம்புத் தண்ணீர் கேட்டேன். அவள்தான் கொண்டு வந்து கொடுத்தாள்.

அவளுக்கு அடுத்த வருஷம் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளை வேறு கிளை, நிஜமாகவே. போன மாதம் குழந்தைக்குக் காது குத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். அவளுக்குக் கூடப்பிறந்தவர்கள் கிடையாது.

மொட்டைத் தலையும் சந்தனமுமாக அந்த வாண்டு என் மடியில் உட்கார்ந்து கத்திய கத்தலில் ஆசாரி கை நடுங்கினார். பெண் குழந்தை. அகத்தியர் கிளை. அம்மா பக்கத்தில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

கம்மல் அரை சவரன். என் செலவு. லோன் போட்டிருக்கிறேன், மாம்பலம் கிளையில்.