தென்மண்டலம் ஜெயிக்குமா?



விடுதி மெஸ்ஸில் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு வரிசையில் நின்றபோது ஆரம்பித்த சண்டை இது. "அகில இந்தியப் பல்கலைக்கழக ஹாக்கியில நம்ம சவுத் ஜோன் டீம் ஏதாவது கப் அடிக்குமாலே?" என்று எலெக்ட்ரிக்கல் நண்பன் கேட்டான். நான் வாயைத் திறப்பதற்குள் அவனே, "அடிக்காது. பஞ்சாப்காரன் இருக்கிற வரைக்கும் நமக்கு சான்ஸே கிடையாது" என்று தீர்ப்பும் எழுதிவிட்டான். சாம்பார் வாளி எங்களிடம் வந்து சேரும் வரை கத்தினோம். மலருக்குக் கட்டுரை கேட்டபோது, அந்தச் சண்டையை இங்கே முடித்துவிடலாம் என்று தோன்றியது. இங்கே அவன் குறுக்கே பேச முடியாது அல்லவா!

விஷயம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பல்கலைக்கழகங்களுக்கு இடையேயான போட்டியை இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் நடத்துகிறது. எடுத்த எடுப்பில் அகில இந்தியப் போட்டி கிடையாது. முதலில் மண்டலப் போட்டி. தமிழ்நாடு, கேரளா, கர்நாடகா, ஆந்திரா, தெலங்கானா, புதுச்சேரி எல்லாம் தெற்கு மண்டலம். ஒவ்வொரு மண்டலத்திலும் வழக்கமாக முதல் நாலு இடம் பிடிக்கும் அணிகள்தான் மேலே போகும். மண்டலத்தில் ஆரம்பச் சுற்றுகள் நாக்-அவுட். ஒரு நாள் காலையில் சரியாக ஆடவில்லையென்றால் பெட்டியைக் கட்டி ரயில் ஏற வேண்டியதுதான். 2020-ல் புவனேஸ்வரத்தில் தொடங்கிய கேலோ இந்தியா பல்கலைக்கழக விளையாட்டுக்கும் வழி இந்த அகில இந்தியப் போட்டி வழியாகத்தான்.

இனி நண்பனின் கேள்வி. வடக்கு மண்டலம் பலமானதுதான், மறுக்க முடியாது. அமிர்தசரஸ் குரு நானக் தேவ் பல்கலைக்கழகம், சண்டிகர் பஞ்சாப் பல்கலைக்கழகம், பாட்டியாலா பஞ்சாபிப் பல்கலைக்கழகம் மூன்றும் மௌலானா அபுல் கலாம் ஆசாத் கோப்பையை மாறி மாறி வாங்கிய நிறுவனங்கள். அங்கே விளையாட்டுக்காகவே சேர்க்கிறார்கள், விளையாட்டுக்காகவே வைத்துக்கொள்கிறார்கள். ஆனால் "சான்ஸே கிடையாது" என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 2022-ல் போபாலில் நடந்த சீனியர் தேசிய ஹாக்கி இறுதியாட்டத்தில் தமிழ்நாடு, ஹரியானாவிடம் ஷூட்-அவுட்டில்தான் தோற்றது. அதே ஆண்டு ஜகார்த்தாவில் ஆசியக் கோப்பையில் வெண்கலம் வாங்கிய இந்திய அணியில் கோவில்பட்டி மாரீஸ்வரனும் அரியலூர் கார்த்தியும் இருந்தார்கள். திறமை இல்லாத மண்ணிலிருந்தா இதெல்லாம் வரும்?

எனக்குக் கோவில்பட்டிப் பக்கம். எங்கள் ஊரில் பையன்கள் கிரிக்கெட் மட்டைக்கு முன்னால் ஹாக்கி ஸ்டிக்கைத்தான் பிடிப்பார்கள். வேலிக்கருவை மரத்தில் வளைந்த கிளையைப் பார்த்து வெட்டி, அதை வைத்து ஆடியவன் நான். ஏழாம் வகுப்பில்தான் நிஜமான ஸ்டிக் கிடைத்தது, அதுவும் ஒரு அண்ணன் ஆடி முடித்துக் கொடுத்தது. கரிசல் மண்ணில் பந்து ஒரு நேரம் போல ஒரு நேரம் வராது. கல்லில் பட்டு முழங்காலுக்கு எழும்பும். அதில் ஆடிப் பழகினால் டிராப்பிங் நன்றாக வரும், கை பிசகாது. ஆனால் டர்ஃபுக்குப் போனால் கதையே வேறு. நனைந்த டர்ஃபில் பந்து வழுக்கிக்கொண்டு போகிற வேகத்துக்கு, மண்ணில் பழகிய கால் ஒரு அடி பிந்தித்தான் வரும்.

பெனால்டி கார்னரை எடுத்துக்கொள்ளுங்கள். கோல் கீப்பரோடு சேர்த்து ஐந்து பேர்தான் கோல் கோட்டில் நிற்கலாம், மற்ற ஆறு பேரும் நடுக்கோட்டுக்குப் போய்விட வேண்டும். பந்தைத் தள்ளி, வட்டத்துக்கு வெளியே நிறுத்தி, உள்ளே இழுத்து அடிக்க வேண்டும். இதெல்லாம் ஓரிரு விநாடிகளில் முடிந்துவிடும். டிராக் ஃபிளிக் என்கிற வித்தையை மண் தரையில் பழகவே முடியாது, பந்து ஸ்டிக்கோடு ஒட்டி வராது. தினமும் டர்ஃபில் நூறு பந்து இழுத்தவனும், டோர்னமெண்டுக்கு முந்தின நாள் மட்டும் டர்ஃபைப் பார்த்தவனும் ஒன்றா? எங்கள் தெரு அண்ணன் ஒருவர் தென்மண்டலப் போட்டியில் ஆடியவர். "நாம கோல் வாங்குனது முக்கால்வாசி பி.சி.யிலதான் தம்பி, ஓட்டத்துல இல்ல" என்பார்.

இன்னொன்று, பெஞ்ச். இப்போது நாலு குவார்ட்டர், சர்வதேச ஆட்டம் என்றால் ஒவ்வொன்றும் பதினைந்து நிமிடம். ஆளை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். அப்படியென்றால் பதினொரு பேர் நன்றாக ஆடினால் போதாது, வெளியே உட்கார்ந்திருப்பவனும் அதே தரத்தில் இருக்க வேண்டும். 2025 டிசம்பரில் சென்னையில் ஜூனியர் உலகக் கோப்பை வெண்கல ஆட்டத்தில் அர்ஜென்டினாவிடம் இரண்டு கோல் பின்தங்கியிருந்த இந்தியா, கடைசி குவார்ட்டரில் நாலு கோல் போட்டு 4-2 என்று ஜெயித்தது. கடைசி பத்து நிமிடத்தில் காலில் தெம்பு மிச்சம் இருப்பவனே ஜெயிக்கிறான். அந்தப் போட்டிக்கு மதுரையில் ஒரு நாள் போய்ப் பார்த்தேன். ஜூனியர் என்றால் இருபத்தொரு வயதுக்குள். அதாவது என் வயசுக்காரர்கள். பார்த்துக்கொண்டிருந்தபோது சந்தோஷமாகவும் இருந்தது, வயிற்றில் என்னவோ செய்யவும் செய்தது.

இங்கேதான் நண்பனிடம் அன்று சொல்ல முடியாமல் போன விஷயத்துக்கு வருகிறேன். தென்மண்டல அணிகளின் பெஞ்ச் ஏன் மெலிந்திருக்கிறது? பஞ்சாபைப் பார்க்க வேண்டாம், நம் பாலிடெக்னிக் விடுதியைப் பாருங்கள்!

பத்தாம் வகுப்பில் எங்கள் பள்ளி அணியில் என்னோடு ஆடியவர்களில் ஆறு பேர் டிப்ளமோவுக்கும் ஐ.டி.ஐ.க்கும் போனோம். காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். என் அம்மா தீப்பெட்டி ஆபீஸுக்குப் போகிறார். அப்பா லோடு ஏற்றுகிறார். எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான். மூன்று வருஷத்தில் கையில் ஒரு வேலை என்றால் டிப்ளமோதான். இதில் யாரையும் குறை சொல்ல இல்லை. ஆனால் அந்த அட்மிஷன் சீட்டில் கையெழுத்துப் போட்ட அன்றே ஹாக்கி ஏணியில் எங்கள் படி காணாமல் போனது, எங்களுக்குத் தெரியாமலே. பள்ளியை விட்டுவிட்டதால் பள்ளிகளுக்கான தேசியப் போட்டி இல்லை. நம் டிப்ளமோ தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்தின் கீழ் வருகிறது, எந்தப் பல்கலைக்கழகத்தின் கீழும் இல்லை. ஆகவே பல்கலைக்கழகப் போட்டியும் இல்லை. பாலிடெக்னிக்குகளுக்கு இடையே மண்டலம் ஆடுகிறோம், மாநிலம் ஆடுகிறோம், கோப்பை வாங்குகிறோம், குரூப் போட்டோ எடுக்கிறோம். அந்தக் கோப்பையை வைத்துக்கொண்டு தென்மண்டலத்துக்குள் நுழைய ஒரு கதவு கிடையாது.

சங்கம் வழியாக ஜூனியர் நேஷனல் இருக்கிறதே என்பீர்கள். உண்மை, அந்த வழி திறந்தே இருக்கிறது. இரண்டாம் ஆண்டில் மாவட்டத் தேர்வு நடந்த அன்று எனக்கு பிராக்டிகல் எக்ஸாம். லேத்தில் டேப்பர் டர்னிங் போட்டுக்கொண்டிருந்தேன், கையில் அளவு தப்பியது, மனசு எங்கே இருந்தது என்று சொல்லத் தேவையில்லை. இரண்டு தேதியையும் குறித்தவர்களுக்கு ஒருவரையொருவர் தெரியாது. கோபப்படக்கூட ஆள் இல்லை.

பதினாறிலிருந்து பத்தொன்பது வரை உள்ள மூன்று வருஷம். ஹாக்கியில் ஒருவன் ஆள் ஆகிற வயசு அதுதான். அதற்குப் பிறகு லேட்டரல் என்ட்ரியில் பி.இ. இரண்டாமாண்டு சேர்ந்தால் பல்கலைக்கழக அணிக்கு ஆடலாம். ஆனால் மூன்று வருஷம் பெரிய ஆட்டமே ஆடாதவன் போய் என்ன செய்வான்? வேலைக்கு விண்ணப்பிக்கும்போதும் இதே இடி. விளையாட்டு இட ஒதுக்கீட்டுக்குச் சான்றிதழ் படிவங்கள் உண்டு. நாட்டுக்கு ஆடினால் படிவம் 1, மாநிலத்துக்காகத் தேசியப் போட்டி ஆடினால் 2, பல்கலைக்கழகத்துக்கு ஆடினால் 3. பாலிடெக்னிக்குக்கு ஆடினால்? பி.டி. சார் தட்டிக்கொடுப்பார்.

ஆகவே என் பதில் இது. தென்மண்டல அணிகள் அகில இந்தியப் போட்டியில் அரையிறுதி வரை எந்த வருஷமும் போகலாம், ஒரு நல்ல வருஷத்தில் கோப்பையும் வரலாம். வருஷா வருஷம் வர வேண்டுமென்றால் பெஞ்ச் வேண்டும். அந்தப் பெஞ்சில் உட்கார வேண்டியவர்களில் பலர் இப்போது ஒர்க்‌ஷாப்பில் ஃபைலிங் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். மாநிலத்தில் ஜெயிக்கிற பாலிடெக்னிக் அணியிலிருந்து நாலு பேரையாவது தென்மண்டலத்துக்கு அனுப்ப ஒரு விதி எழுதட்டும். இல்லையென்றால் தென்மாநிலப் பாலிடெக்னிக்குகள் சேர்ந்து ஒரு அணியாகவாவது ஆட விடட்டும். நமது மாணவர் பேரவை இதை ஒரு மனுவாக எழுதி இயக்ககத்துக்கு அனுப்ப வேண்டும் என்று இந்த மலர் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன். நண்பன் சிரிப்பான், சிரிக்கட்டும்.

நான் என்ன செய்யப்போகிறேன் என்று நீங்கள் கேட்கலாம். ஓசூர்க் கம்பெனி ஒன்று அடுத்த மாதம் கேம்பஸ் இன்டர்வியூவுக்கு வருகிறது. லேட்டரல் என்ட்ரி என்று வீட்டில் மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். "இன்னும் மூணு வருசமா? ஆடுனா சம்பளம் குடுப்பாகளாய்யா?" என்று அம்மா கேட்டார். கிண்டலாக இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். இன்னும் பதில் சொல்லவில்லை.

அதற்குள் நமக்கு மண்டலப் போட்டி வருகிறது. காலை ஐந்தரைக்குப் பயிற்சி. போன வருஷம் கோல் நின்ற அண்ணன் படிப்பை முடித்துவிட்டார், கோல் கீப்பர் இல்லை. முதலாமாண்டில் ஆர்வமுள்ள தம்பிகள் பி.டி. சார் அறையில் பெயர் கொடுக்கவும். பேடும் ஹெல்மெட்டும் இருக்கின்றன, கொஞ்சம் பழசுதான்.

– மூன்றாமாண்டு, இயந்திரவியல் துறை