தனியாக நடந்தவர் யார்?

ஆங்கிலக் கிராமம் என்றதும் நம் மனத்தில் ஒரு படம் ஓடும். பச்சைப் புல்வெளி, கல்லடுக்கிய சுவர், ஏரிக்கரையில் ஒற்றையடிப்பாதை, ஞாயிறு மதியம் சாவகாசமாக நடந்துபோகும் ஒருவர். பாடநூல்களும் நாவல்களும் தொலைக்காட்சித் தொடர்களும் சேர்ந்து நமக்குள் வரைந்த படம் அது. கல்லூரியில் ஆங்கில இலக்கியம் நடத்துகிற நான் அந்தப் படத்தின்மீது ஒரு வழக்குத் தொடுக்க விரும்புகிறேன். நடப்பவரைப் பாருங்கள். பெரும்பாலும் அவர் ஆண். நடந்து முடித்து வீடு திரும்பும்போது அவருக்குத் தேநீர் தயாராக இருக்கும். அதைத் தயாரித்தவர் படத்தில் இல்லை.

முதல் சாட்சியாக, நம்மில் பலர் பள்ளியில் மனப்பாடம் செய்த கவிதையையே அழைக்கிறேன். வேர்ட்ஸ்வொர்த்தின் டாஃபடில் மலர்க் கவிதை, தான் தன்னந்தனியாக அலைந்ததாகச் சொல்லித்தான் தொடங்குகிறது. 1802 ஏப்ரல் 15 அன்று அல்ஸ்வாட்டர் ஏரிக்கரையில் அவர் தனியாக இல்லை. தங்கை டோரதி கூடவே நடந்தார். பூக்கள் காற்றோடு ஆடியதையும் அவை சிரிப்பதுபோல் தோன்றியதையும் தன் நாட்குறிப்பில் எழுதிவைத்தவர் டோரதிதான். அண்ணன் கவிதை எழுதியது அதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்து. அது அச்சானது 1807இல். கவிதையின் மிகச் சிறந்த இரண்டு வரிகள் தன் மனைவி மேரி தந்தவை என்று கவிஞரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். ஆக, ஓர் ஆணின் தனிமையை உண்டாக்க இரண்டு பெண்கள் உழைத்திருக்கிறார்கள்.

டோரதியின் நாட்குறிப்புகள் நூலாக வந்தது 1897இல். அவர் இறந்து நாற்பத்திரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. அதைப் புரட்டினால் நடை மட்டும் தெரிவதில்லை. ரொட்டி சுட்டது, துணிக்கு இஸ்திரி போட்டது, கிழிசல் தைத்தது, தலைவலியோடு படுத்தது எல்லாம் அதே பக்கங்களில் இருக்கின்றன. அண்ணனுக்கு நடை என்பது கவிதைக்கான வேலை. தங்கைக்கோ, வேலைகளுக்கு நடுவே பிடுங்கிக்கொண்ட நேரம். 1818இல் டோரதி தன் தோழி மேரி பார்க்கருடன் இங்கிலாந்தின் மிக உயர்ந்த சிகரமான ஸ்காஃபெல் பைக்கில் ஏறினார். அதைப் பற்றி அவர் எழுதிய கடிதம் அண்ணனின் ஏரி மாவட்ட வழிகாட்டி நூலில் இடம்பெற்றது. எழுதியவர் பெயர் மட்டும் இல்லை.

“அந்தக் காலம் அப்படித்தானே?” என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் காலத்திலேயே அதை எதிர்த்த பெண்ணும் இவர்தான். 1794இல், இருபத்திரண்டு வயதில், டோரதி கெண்டாலிலிருந்து கிராஸ்மியருக்குப் பதினெட்டு மைலும், அங்கிருந்து கெஸ்விக்குக்குப் பதினைந்து மைலும் அண்ணனோடு நடந்தே போனார். பெண்பிள்ளை இப்படிக் கால்நடையாக ஊர் சுற்றலாமா என்று உறவுக்காரப் பெண்மணி ஒருவர் கண்டித்துக் கடிதம் எழுதினார். இயற்கை எனக்குத் தந்த பலத்தை நான் பயன்படுத்துகிறேன், வண்டிச் சத்தமும் மிச்சம் என்ற பொருளில் டோரதி பதில் எழுதினார். ஜேன் ஆஸ்டினின் எலிசபெத் பென்னட்டுக்கும் இதே வசைதான். நோயில் கிடந்த அக்காவைப் பார்க்க அவள் மூன்று மைல் தனியாக நடந்து போகிறாள். பணக்கார வீட்டுப் பெண்களின் கண்ணுக்குப் படுவது அவள் உள்பாவாடையில் ஒட்டிய சேறு. 1813இல் வந்த நாவல் அது. “பாவாடையில் சேறு” என்பதற்கு நம் ஊரில் என்னென்ன மறுபெயர்கள் உண்டு என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இதுவரை சொன்னவர்கள் வீடும் படிப்பும் உள்ள பெண்கள். அதே வயல்வெளியில் இன்னொரு பெண்ணும் நடந்தாள். அறுவடை முடிந்த நிலத்தில் சிந்திய கதிரைப் பொறுக்குவது ஏழைப் பெண்களும் குழந்தைகளும் காலங்காலமாகச் செய்துவந்தது. அதில் கிடைக்கும் தானியம் வீட்டுக்கு ரொட்டி. சஃபோக் மாவட்டத்தின் டிம்வொர்த் கிராமத்தில் மேரி ஹோட்டன் என்ற பெண் அப்படிப் பொறுக்கியதற்காக நிலக்காரர் வழக்குப் போட்டார். 1788இல் தீர்ப்பு வந்தது: கதிர் பொறுக்கப் பொதுச் சட்டத்தில் யாருக்கும் உரிமை கிடையாது. வழக்கம் உடனே நின்றுவிடவில்லை. ஆனால் உரிமையாக இருந்தது நிலக்காரரின் தயவாக மாறியது. கையில் குடையோடு அந்த நிலத்தின் ஓரமாக நடந்தால் இயற்கை ரசிகை. குனிந்து ஒரு கதிரை எடுத்தால் அத்துமீறியவள்.

ஆடு மாடு மேய்க்கவும் விறகு பொறுக்கவும் இருந்த புறம்போக்கும் போயிற்று. 1604 முதல் 1914 வரை பொது நிலங்களை வேலிபோட்டுத் தனியார் நிலமாக்க 5,200க்கும் மேற்பட்ட சட்டங்கள் போடப்பட்டன. இங்கிலாந்தின் பரப்பில் ஐந்தில் ஒரு பங்குக்கும் சற்று அதிகமான நிலம், சுமார் 68 லட்சம் ஏக்கர், அதில் அடக்கம். இன்று நம் கண்ணுக்கு அழகாகத் தெரிகிற வேலிகளிலும் கல் சுவர்களிலும் பல அப்படி எழுந்தவை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கிழக்கு இங்கிலாந்தின் வயல்களுக்குப் பெண்களையும் குழந்தைகளையும் கூட்டம் கூட்டமாக மேஸ்திரிகள் ஓட்டிப்போனார்கள். அவர்களும் தினமும் பல மைல் நடந்தார்கள். அதை யாரும் உலாவல் என்று எழுதவில்லை. 1867இல் அதைக் கட்டுப்படுத்தச் சட்டம் வந்தபோதும், பெண்களின் கூலியைவிட அவர்களுடைய ஒழுக்கத்தைப் பற்றித்தான் கனவான்கள் அதிகம் கவலைப்பட்டார்கள்.

கிராமத்தின் மற்ற பொழுதுபோக்குகளுக்கு வருவோம். கிராமத்து கிரிக்கெட் என்றால் வெள்ளை உடையில் ஆண்கள் ஆடுவது, பெண்கள் கூடாரத்தில் சாண்ட்விச் வெட்டுவது என்றுதான் படம் வரையப்படுகிறது. 1745 ஜூலை 26 அன்று, சர்ரே மாவட்டத்தின் காஸ்டன் பொதுத்திடலில் பிராம்லி கிராமத்துப் பெண்களும் ஹாம்பிள்டன் கிராமத்துப் பெண்களும் கிரிக்கெட் ஆடினார்கள். ஹாம்பிள்டன் 127, பிராம்லி 119. எழுத்தில் பதிவான முதல் பெண்கள் ஆட்டம் இதுதான். லண்டனின் எம்.சி.சி. கிளப் பிறந்தது அதற்கு நாற்பத்திரண்டு ஆண்டுகள் கழித்து, 1787இல். பெண்களை உறுப்பினராகச் சேர்த்துக்கொள்ள அது சம்மதித்தது 1998இல். பெண்களுக்கு ஆடத் தெரியாமல் இல்லை. சாண்ட்விச் வெட்ட வேறு ஆள் இல்லை.

பெண்கள் தங்களுக்கென்று அமைத்துக்கொண்ட பொழுதையும் கேலியாக்கினார்கள். கனடாவில் 1897இல் தோன்றிய மகளிர் நிலையம் என்ற அமைப்பு, 1915இல் வேல்ஸ் நாட்டின் ஆங்கிள்சி தீவுக்கு வந்து, விரைவிலேயே ஆங்கிலக் கிராமங்களுக்குப் பரவியது. ஜாம் காய்ச்சுவார்கள், பாட்டுப் பாடுவார்கள் என்று இன்றும் சிரிக்கிறார்கள். தலைவர் நாற்காலியில் பல ஊர்களில் பண்ணை வீட்டு அம்மாவே உட்கார்ந்தார் என்பது உண்மை. ஆனாலும் மாதம் ஒரு மாலை, கணவனும் பிள்ளையும் அடுப்பும் இல்லாத ஓர் அறையில் பெண்கள் உட்கார்ந்து பேசினார்கள். போர் நடந்துகொண்டிருந்த 1943இல், சம வேலைக்குச் சம ஊதியம் வேண்டும் என்று அந்த ஜாம் காய்ச்சுகிறவர்கள்தான் தீர்மானம் போட்டார்கள். ஓய்வு கிடைத்தால் பெண்கள் என்ன செய்வார்கள் என்று பயப்படுகிறவர்கள் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது.

இப்போது எல்லோருக்கும் வழி திறந்துவிட்டதா? 2000இல் வந்த சட்டம் பாதையை விட்டு விலகி விருப்பம்போல் நடக்கும் உரிமையைத் தந்தது. அது செல்லுபடியாவது இங்கிலாந்தின் நிலப்பரப்பில் ஏறத்தாழ எட்டு சதவீதத்தில்தான். அந்த நிலத்திலும் எல்லா உடலும் ஒன்றுபோல் நடப்பதில்லை. கயானாவில் பிறந்த புகைப்படக் கலைஞர் இங்க்ரிட் போலார்ட் 1980களின் இறுதியில் கறுப்பின மக்களைக் கிராமப்புற வெளிகளில் நிறுத்திப் படமெடுத்தார். படங்களின் கீழே, அதே வேர்ட்ஸ்வொர்த் கவிதையைத் திருப்பிப் போட்டு, தன் நிறத்தில் இன்னொருவர் இல்லாத இடத்தில் நடக்கும்போது எழும் அச்சத்தை எழுதினார். கவிஞருக்கு ஆனந்தமாக இருந்த தனிமை இவருக்கு ஆபத்தாகத் தெரிந்தது. தனியாக இருப்பது சுகமா பயமா என்பதைத் தீர்மானிப்பது இயற்கை அல்ல, அதிகாரம்.

இதில் நமக்கு என்ன என்று கேட்கும் மாணவிக்கு என் பதில் இது. மாலை ஆறு மணிக்குக் கதவு பூட்டப்படும் விடுதியில் உட்கார்ந்துகொண்டு, ஓர் ஆண் தன்னந்தனியாக அலைந்த இன்பத்தைப் பத்து மதிப்பெண்ணுக்கு நீ விளக்கி எழுதுகிறாய். அந்த இன்பம் உனக்கும் உரியது என்று பாடநூல் சொல்வதில்லை. கூட ஒரு பெண் நடந்தாள் என்றும் சொல்வதில்லை. ஆகவே பெண்கள் நடக்கவே இல்லை, பார்க்கவே இல்லை, எழுதவே இல்லை என்று நீயாகவே முடிவு செய்துகொள்கிறாய். பூட்டு கதவில் மட்டும் இல்லை.

என் கோரிக்கை சிறியது. அந்தக் கவிதையை நீக்கச் சொல்லவில்லை. எதிர்ப்பக்கத்தில் டோரதியின் ஏப்ரல் 15 குறிப்பையும் அச்சிடுங்கள். தேர்வில் ஒரு கேள்வி கூடுதலாக வையுங்கள்: அன்று ஏரிக்கரையில் எத்தனை பேர் நடந்தார்கள்? அதற்குச் சரியான விடை எழுதும் பெண், விடுதிக் கதவு ஏன் ஆறு மணிக்குப் பூட்டப்படுகிறது என்ற அடுத்த கேள்வியைத் தானே கேட்டுக்கொள்வாள்.