இறந்த மாட்டை எடுப்பவர் யார்?

பால் சொரியும் பசுவை நாம் இல்லத்து மக்களுள் ஒன்றாகவே எண்ணுகின்றோம். மாட்டுப் பொங்கலன்று அதற்கு மாலை சூட்டி மகிழ்கின்றோம். ஆயின் அப்பசு கொட்டிலில் மாண்டு கிடக்குமாயின், எட்டி நின்று, ஊர்ப்புறத்திலிருந்து ஒருவரை அழைத்துவர ஆளனுப்புகின்றோம். பாலும் சாணமும் நமக்கு. பிணம் மட்டும் பிறர்க்கு! இது நீதியாகுமா?

இக்கேள்வி புதியதன்று. 1927-ஆம் ஆண்டு டாக்டர் அம்பேத்கர் முன்னின்ற மகாட் மாநாட்டிலேயே, மேற்சாதியார் தம் இறந்த விலங்குகளைத் தாமே புதைத்துக்கொள்ளல் வேண்டும் என்று கேட்கப்பட்டது. அதன் பின்னர் ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகள் கழிந்தும், 2016-இல் குஜராத்தின் ஊனா வட்டத்தில், இறந்த பசுவின் தோலை உரித்த தலித் இளைஞர் கொடுமையாக அடிக்கப்பட்டனர். அதனை எதிர்த்து அவ்வினத்தார் பலர் பிணமகற்றும் தொழிலையே நிறுத்தினர். அவர் செய்தது முறையே என்பது நம் கருத்து.

அங்ஙனமாயின் உடையவன் செய்யக்கூடியது யாது? ஏரிக்கரையில் எறிவது நாய்களைப் பெருக்கும். முன்னாளில் பாறுக்கழுகுகள் அவ்வூனைத் தின்று தீர்த்தன. மாடுகளுக்கு இட்ட டைக்ளோஃபெனாக் மருந்தினால் அவை பெரும்பாலும் அழிந்தொழிந்தன. 2006-இல் அம்மருந்து கால்நடைகளுக்குத் தடை செய்யப்பட்டும் அவை பழையபடி பெருகவில்லை. கிணற்றருகே புதைப்பின் நீர் கெடும். எரிப்பதற்கோ விறகு மிக வேண்டும்.

இவற்றினும் நல்ல வழியொன்று உண்டு. 1980-களில் அமெரிக்க நாட்டு மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தார் இறந்த கோழிகளை எருவாக்கும் முறையை வகுத்தனர். பின்னர்க் கார்னெல் பல்கலைக்கழகத்தார் அம்முறையை மாடுகளுக்கும் கசாப்புக் கழிவுக்கும் விரித்துரைத்தனர். முறை எளிது. கிணறும் ஓடையும் அணுகாத மேட்டுநிலத்தில் மரச்சீவலை இரண்டடிக் கனத்திற்குப் பரப்பி, அதன் நடுவே உடலைக் கிடத்தி, மேலும் பக்கங்களிலும் இரண்டடிக்குக் குறையாமல் மூடிவிடல் வேண்டும். மாடாயின் வயிறு உப்பி வெடியாதபடி இரைப்பையிற் சிறு துளையிடுதல் நன்று. கசாப்புக் கழிவாயின் சீவலோடு அடுக்கடுக்காக இடலாம். சீவலின் கரியும் ஊனின் நைட்ரஜனும் கூட, நுண்ணுயிர்கள் வேலை தொடங்கும். குவியலினுள் வெப்பம் 55 முதல் 65 டிகிரி சென்டிகிரேடு வரை ஏறி, நோய்க்கிருமிகளுட் பெரும்பாலனவற்றைக் கொல்லும். மேற்போர்வையே நாற்றத்தைத் தடுக்கும். நான்கைந்து திங்களில் மாட்டின் தசையெல்லாம் கரைந்து பெரிய எலும்புகளே எஞ்சும்; அவற்றை அடுத்த குவியலின் அடியில் இடலாம்.

இதில் எச்சரிக்கையும் வேண்டும். அடைப்பான் நோயால் இறந்ததென ஐயமுறின் உடலைக் கீறலாகாது. கால்நடை மருத்துவரின் சொற்படியே நடத்தல் வேண்டும். எருவையும் பச்சையாக உண்ணும் காய்கறிகளுக்கு இடாது, தீவனப் பயிருக்கும் மரங்களுக்கும் இடுதல் தக்கது.

“தோலின் விலை வீணாகுமே” என்பார் சிலர். விரும்பி முன்வருவோர்க்குத் தக்க கூலி தந்து தோலை எடுப்பிக்க எவரும் தடை கூறவில்லை. பிறப்பைக் காட்டி ஒருவரை ஏவுதலையே நாம் மறுக்கின்றோம்.

விடுமுறைக்கு ஊர் செல்லும் மாணவ நண்பர்களே! நும் தந்தையர் தோட்டத்தில் ஒரு கோழி இறப்பினும் சரி, ஒரு கன்று இறப்பினும் சரி, மண்வெட்டியை முதலில் நீரே கையிலெடுங்கள். தன் மாட்டைத் தானே மண்ணிற் சேர்ப்பது இழிவன்று. அதனைப் பிறர் தலையிற் சுமத்துவதே இழிவாகும்.