மௌனித்த மடிக்கணினியும் ஒழிபு அளவையும்

உடுப்பிட்டியிலும் அதனைச் சூழ்ந்த வடமராட்சிக் கிராமங்களிலும் பிள்ளைகள் கடல் கடந்துபோன வீடுகள் அநேகமாதலால், அவ்வீடுகளில் எஞ்சியிருக்கும் தாய் தந்தையருக்கு மடிக்கணினி என்பது ரொறன்ரோவிலும் லண்டனிலும் வளரும் பேரக்குழந்தையின் குரலைக் கொண்டுவந்து தரும் சாதனமாகவும், கோயிற் கொடியேற்றத்தையும் உற்றார் ஒருவரின் இறுதிக் கிரியையையும் அங்குள்ளோர் காணச்செய்யும் வாயிலாகவும் ஆகிவிட்டது. அத்தகைய யந்திரம் ஒருநாள் படத்தை மட்டும் காட்டிச் சப்தத்தை மறுத்துவிடுமானால், வீட்டிலுள்ளோர் அதனைப் பையிலிட்டுக்கொண்டு நெல்லியடிக்கோ பருத்தித்துறைக்கோ புறப்படுகிறார்கள். பல சமயங்களில் அதற்குக் கிடைக்கும் சிகிச்சை 'போர்மற்' அடித்தல் என்னும் ஒன்றேயாகும். வட்டிலிருந்த கல்யாணப் படங்களும் கடிதங்களும் பிள்ளையின் பாடக் குறிப்புகளும் அழிந்துபோக, விண்டோஸ் புதிதாக ஏறுகிறது. பிழை ஹெட்போன் செருகும் துவாரத்தில் இருந்திருந்தாலோ, அத்தனையையும் இழந்த பின்னரும் யந்திரம் ஊமையாகவே வீடு திரும்புகிறது. காரணத்தை விசாரியாமற் செய்யப்படும் இந்தச் சிகிச்சையை வழக்கமென்று நாம் ஏற்றுக்கொண்டிருப்பது தகாது என்பதே என் அபிப்பிராயம்.

இதே மண்ணிலே, 1990 ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் யுத்தம் மீண்டும் மூண்டு, யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு மின்சாரம் அற்றுப்போய், வானொலிக்கு இடும் மின்கலங்களும் தடைசெய்யப்பட்ட பொருள்களின் அட்டவணையில் ஏறிய காலத்தில், சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதிகட்டையைக் கையாற் சுற்றி, ஆறு வோல்ற்று டைனமோவிற் பிறந்த மின்சாரத்தைக்கொண்டு வானொலியைப் பேசவைத்தவர்கள் நம்மவர்கள். டைனமோ தருவது ஆடலோட்டம். வானொலிக்கு வேண்டுவது நேரோட்டம். இடையே இருவாயிகளைக் கோத்து அந்த வேற்றுமையை நீக்க வேண்டும் என்பதைப் பொறியியற் பட்டம் பெறாத இளைஞர்களும் அறிந்திருந்தார்கள். 1941 முதல் 2017 வரை சிற்றலையில் ஒலித்த பிபிசி தமிழோசையை இவ்விதம் கேட்ட இரவுகளில், குரல் திடீரென அறுந்துபோனால், அவர்கள் வானொலியை எறிந்துவிடவில்லை. டைனமோவின் உருளை சக்கரத்தில் உராய்கிறதா, கம்பி இற்றுப்போயிற்றா, இருவாயி சூடேறிக் கெட்டதா என்று ஒவ்வோர் இடமாகத் தொட்டுச் சோதித்தார்கள். ஒலிபரப்பைக் குறித்து 'ஒலிபரப்புக் கலை' என்னும் நூலை நல்ல தமிழில் எழுதியளித்த சோ. சிவபாதசுந்தரமும் யாழ்ப்பாணத்தவரே என்பதை இங்கே நினைவுகூர விரும்புகிறேன். சப்தத்தின் சாஸ்திரம் நமக்கு அந்நியமானதன்று.

அவ்விளைஞர்கள் கையாண்ட முறைக்கு நமது சைவ சித்தாந்த நூல்களில் ஓரிடம் உண்டு. உண்மையை அறியும் வாயில்களாகச் சிவஞான சித்தியார் எண்ணிக் கூறும் அளவைகள் பத்தினுள் ஒழிபு என்பதும் ஒன்று. வடமொழியாளர் அதனைப் பாரிசேடம் என்பர். கூடுமானவற்றையெல்லாம் முறையே விலக்கி, விலக்க இயலாது எஞ்சியதனைத் துணிவதே அது. மடிக்கணினியின் மௌனத்துக்கு இதனினும் சிறந்த மருந்து எனக்குத் தெரியவில்லை.

சப்தம் செல்லும் வழியை முதலில் மனத்திற் கொள்வோமாக. பாடலோ பேச்சோ எண்களின் வடிவில் ஒரு செயலிக்குள் இருக்கிறது. செயலி அதனை விண்டோஸின் ஒலிச் சேவையிடம் ஒப்புவிக்க, அச்சேவை டிரைவர் எனப்படும் சிறு நிரலின் மூலமாகத் தாய்ப்பலகையிலுள்ள ஒலிச் சில்லுக்கு அனுப்புகிறது. தைவான் நாட்டு ரியல்டெக் நிறுவனத்தின் சில்லையே மிகப்பல மடிக்கணினிகளிற் காணலாம். அந்தச் சில்லு எண்களை மின்னலையாக மாற்ற, அவ்வலை வலுப்பெற்று ஸ்பீக்கரையோ ஹெட்போனையோ அடைகிறது. இந்த வழியில் எவ்விடத்தில் அறுந்தது என்பதே கேள்வி.

ஹெட்போன் ஒன்றைச் செருகுங்கள். அதிற் சப்தம் கேட்டு ஸ்பீக்கரில் மாத்திரம் கேட்கவில்லையெனில், செயலி, விண்டோஸ், டிரைவர், சில்லு ஆகிய யாவும் பெரும்பாலும் குற்றமற்றவை என்று அந்தக் கணமே நிரூபணமாகிவிடுகிறது. எஞ்சியவை ஸ்பீக்கரும் அதன் கம்பியும் செருகு துவாரமுமே. ஹெட்போனிலும் கேட்கவில்லையாயின், சில நூறு ரூபா முதல் கிடைக்கும் யூஎஸ்பி ஒலிச் செருகியைப் பொருத்துங்கள். தனக்கென ஒரு சில்லை உடையதாதலின், அதிற் கேட்குமானால் பழி தாய்ப்பலகைச் சில்லின்மீதோ அதன் டிரைவரின்மீதோதான் விழும். இவ்விரண்டையும் பிரித்தறிய உபுண்டு என்னும் இலவச இயங்குதளத்தை ஒரு யூஎஸ்பி குச்சியிலிருந்து, வட்டிலுள்ள எதையும் தொடாமல், தற்காலிகமாக இயக்கிப் பார்க்கலாம். அங்கே சப்தம் பிறந்தால் யந்திரம் ஆரோக்கியமாயிருக்கிறது, நோய் விண்டோஸின் பக்கத்திலேயே உள்ளது.

இவற்றுக்கெல்லாம் முன்னரே பார்க்கத்தக்க எளிய காரணங்களும் உண்டு: விசைப்பலகையின் மௌனப் பொத்தான் அழுந்தியிருக்கலாம், சப்தம் எச்டிஎம்ஐ வழியாகத் தொலைக்காட்சிக்கோ, புளூடூத் வழியாக அடுத்த அறையிற் கிடக்கும் ஹெட்போனுக்கோ போய்க்கொண்டிருக்கலாம். வெளியீட்டுச் சாதனம் எது என்று அமைப்புகளில் ஒருமுறை பார்த்தாலே இது தெளிவாகும். பலர் அறியாத இன்னொன்றையும் சொல்ல வேண்டும். விண்டோஸ் 8 வெளிவந்த 2012 முதல், விரைவுத் தொடக்கம் என்னும் ஏற்பாடு உள்ள கணினிகளில், 'ஷட் டவுன்' கொடுத்து மூடும்போது இயங்குதளத்தின் மையப்பகுதி முழுவதும் அவிழ்வதில்லை. வட்டிற் சேமிக்கப்பட்டு அடுத்த முறை அப்படியே எழுகிறது. ஆகவே தடுமாறிய டிரைவர் தடுமாறியபடியே மீளக்கூடும். 'ரீஸ்டார்ட்' கொடுத்தால் யாவும் புதிதாய்த் தொடங்குகின்றன.

நம் ஊருக்கென்று விசேடமாகக் கவனிக்கவேண்டியது ஹெட்போன் துவாரம். வல்வெட்டித்துறைக் கடல் நமக்கு அண்மையிலிருப்பதனால் உப்புக்காற்று உலோகத்தை அரிக்கிறது. புழுதி அதனோடு சேர்ந்து படிகிறது. அநேக கணினிகளில் ஹெட்போன் செருகப்பட்டதா இல்லையா என்பதை அத்துவாரத்தினுள் இருக்கும் நுண்ணிய தொடுகை ஒன்றே சொல்லுகிறது. அத்தொடுகை அரிப்பினாலோ அழுக்கினாலோ ஒட்டிக்கொண்டால், எதுவும் செருகாதபோதும் செருகப்பட்டிருப்பதாகக் கருதிக் கணினி ஸ்பீக்கரை அடைத்துவிடுகிறது. ஹெட்போனைச் சிலமுறை செருகி எடுப்பதாலும், கணினியை அணைத்தபின் ஐசோபுரொப்பைல் அற்ககோலைச் சிறிதளவு கொண்டு துடைப்பதாலும் தீரக்கூடிய இந்நோய்க்குத் தாய்ப்பலகையை மாற்றுவது பெருந்துரோகம். 2022 மார்ச் மாதத் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் நின்ற டொலர் மே மாதத்தில் 360 அளவுக்கு ஏறிய பின், மடிக்கணினி ஒன்றை மாற்றுவதென்பது நடுத்தரக் குடும்பத்துக்கு நகையை அடகுவைக்கும் காரியமாயிற்று என்பதை மறந்துவிடலாகாது.

பாடசாலைகளில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் ஒரு பாடமாகப் பல்லாண்டுகளாகப் போதிக்கப்படுகிறது. கணினியின் உறுப்புகளைப் பெயர் சொல்லும் மாணாக்கர் ஏராளம், பேசாத கணினியை முன்னே வைத்து, "எங்கே அறுந்தது?" என்று கேட்டு அவர்களைத் தேடவிடும் பாடவேளைதான் அரிது. பரீட்சைக்கு வராது என்பதற்காக அதனைத் தள்ளுவது நியாயமன்று. அமெரிக்க மிஷனரிமார் காலந்தொட்டுக் கல்வியாற் பெயர்பெற்ற உடுப்பிட்டி, இவ்விஷயத்தில் அதிகாரிகளின் சுற்றறிக்கைக்காகக் காத்திருக்க வேண்டியதுமில்லை. ஊரின் சனசமூக நிலையங்களில் பத்திரிகை மேசைக்கு அருகே ஒரு பெட்டியில் ஹெட்போன் ஒன்று, யூஎஸ்பி ஒலிச் செருகி ஒன்று, உபுண்டு ஏற்றிய குச்சி ஒன்று ஆகியவற்றை வைத்து, உயர்தர வகுப்பு மாணவர் இருவரைச் சனிக்கிழமை மாலைகளில் அமர்த்தினாற் போதும். கணினியைக் கொண்டுவரும் முதியவர், கடைக்குப் போவதற்கு முன்பே, குற்றம் எப்பக்கத்தது என்பதையும் 'போர்மற்' அவசியமா என்பதையும் அறிந்துகொள்வார். திறப்பதற்கும் பற்றவைப்பதற்கும் கடைக்காரரின் கைத்திறன் வேண்டும். அவ்வேலைக்கு உரிய கூலியை மனமுவந்து கொடுக்கவும் வேண்டும். ஆனால் வட்டை அழிக்குமுன் அதிலுள்ளவற்றை வேறோரிடத்திற் பிரதி எடுத்தீர்களா என்று கேட்கும் உரிமை கணினிக்குச் சொந்தக்காரருடையது. அந்தக் கேள்வியையும் அம்மாணவர்கள் முதியவருக்கு எழுதிக் கொடுத்தனுப்பலாம்.