கை பட்ட இடம்

இன்ஜின் வேலை முடிந்த வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்றால், காயில் போய்விட்டது, பம்ப் போய்விட்டது என்று பட்டறையிலிருந்து போன் வரும். நம்பாதீர்கள். வேலைக்கு விடும்வரை ஒழுங்காக இருந்த காயில், ஹெட்டை இறக்கி ஏற்றியதும் உயிரை விடுவது அபூர்வம். எங்கெங்கே கை பட்டதோ, அங்கேதான் முதலில் தேட வேண்டும். இதில் நான் பிடிவாதக்காரன். ஊகத்துக்குப் பணம் கட்டுகிறவர் எப்போதும் வண்டிக்காரர்தான்.

செல்ஃப் 'டக்' என்று மட்டும் அடித்து நின்றால் பேட்டரியைப் பாருங்கள். இன்ஜினுக்கும் பாடிக்கும் இடையே போகும் எர்த் ஒயரை முடுக்க மறந்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். நன்றாகச் சுற்றியும் பிடிக்கவில்லையா? பிளக்கைக் கழற்றினால், பெட்ரோல் வந்து நனைந்திருக்கிறதா என்பது தெரிந்துவிடும். புது வண்டிகளில் கிராங்க் சென்சாரின் சாக்கெட் மாட்டாமல் விட்டிருந்தாலே போதும், கரண்டும் வராது, பெட்ரோலும் தெளிக்காது.

கரண்ட், பெட்ரோல் இரண்டும் வந்தும் பிடிக்காத வண்டிதான் ஆளைச் சோதிக்கும். அம்பாசிடரின் 1489 சிசி பெட்ரோல் இன்ஜினை எடுத்துக்கொள்வோம். கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்றுதான் சுற்றும். ஆகவே முதல் பிஸ்டன் இரண்டு முறை உச்சிக்கு வரும். அதில் ஒன்றுதான் கம்ப்ரஷன். மற்றதை நம்பி டிஸ்ட்ரிபியூட்டரைப் பூட்டினால், 1-3-4-2 என்று ஒயர்களை வரிசை தவறாமல் மாட்டியும் பயனில்லை. புகை வெளியேறி முடிகிற நேரத்தில் பொறி விழும். கார்புரேட்டர் வழியாக 'டப்' என்று வெடிக்கும். அனுபவசாலிகள் முதல் பிளக் துளையைக் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டு இன்ஜினைக் கையால் சுற்றச் சொல்வார்கள். காற்று விரலைத் தள்ளிக்கொண்டு வரும் உச்சிதான் சரியானது. இதற்குக் கருவியும் வேண்டாம், காசும் வேண்டாம்.

டைமிங் பெல்ட் வண்டியில் இன்னும் நிதானம் வேண்டும். பெல்ட்டை மாட்டியதும் செல்ஃப் அடிக்கவே கூடாது. ஸ்பேனர் போட்டு கிராங்க்கை இரண்டு சுற்று மெதுவாகச் சுற்றி, மார்க்குகள் மறுபடி நேருக்கு நேர் வருகின்றனவா என்று பார்க்க வேண்டும். நடுவில் எங்காவது இடித்தால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். பல இன்ஜின்களில் பல் தவறினால் பிஸ்டன் வால்வில் மோதி வளைத்துவிடும். அதன் பிறகு செல்ஃப் அடித்தால் எதிர்ப்பே இல்லாமல் விர்ரென்று சுற்றும். கம்ப்ரஷன் போயிற்று என்று அர்த்தம். ஹெட் மறுபடி இறங்கத்தான் வேண்டும். அந்தக் கூலி யாருடையது என்பதை, வண்டியை விடும்போதே பட்டறைக்காரரிடம் பேசி முடித்துக்கொள்ளுங்கள்.