ஜவ்வாது மலைக்கு எந்த டயர்?

மார்கழிக் குளிரில் ஜமுனாமரத்தூருக்குக் கார் ஓட்டுபவர்களுக்கு வரும் சந்தேகம் இது. வெளிநாட்டில் போடுகிறார்களே, அந்தக் குளிர்கால டயர் நமக்கும் வேண்டுமா?

வேண்டாம்! வெப்பநிலை 7 டிகிரிக்குக் கீழே போனால் சாதாரண டயரின் ரப்பர் இறுகிவிடும். அதற்காகவே மெத்தென்ற ரப்பரில் செய்வது குளிர்கால டயர். ஜவ்வாது மலையில் பனிமழை கொட்டுவதில்லை. அதே கார் மலையிறங்கி வேலூரின் 40 டிகிரி வெயிலிலும் ஓட வேண்டும். மெத்தென்ற ரப்பர் அங்கே சீக்கிரம் தேய்ந்துவிடும்.

நமக்கு உண்மையான எதிரி மழை. டயரின் பள்ளங்கள்தான் தண்ணீரை ஒதுக்கித் தள்ளுகின்றன. பட்டன் தேய்ந்த டயர் தண்ணீர் மேல் வழுக்கும். கொண்டை ஊசி வளைவில் வழுக்கினால் கீழே பள்ளம்தான்.

சட்டப்படி காருக்குப் பள்ளம் 1.6 மி.மீ. இருந்தால் போதும். பலரும் அதுவரை ஓட்டுகிறார்கள், "இன்னும் ஓடுமே" என்று. மலைச் சாலைக்கு 3 மி.மீட்டரிலேயே மாற்றுவது நல்லது. கணக்குப் போட்டுப் பாருங்கள். புது டயரில் சுமார் 8 மி.மீ. இருக்கும். அதில் சட்டப்படி தேயக்கூடியது 6.4. முன்னதாக மாற்றினால் இழப்பது 1.4, அதாவது ஐந்தில் ஒரு பங்கு சொச்சம். 4,000 ரூபாய் டயரில் 875 ரூபாய்!

அந்தப் பணத்தை மிச்சம் பிடிக்கக் குடும்பத்தையே பணயம் வைக்கலாமா? பட்டனைப் பார்க்க வேண்டியது மார்கழியில் அல்ல, ஐப்பசி மழை தொடங்கும் முன்பே.